பால் காய்ச்சாத வீடு

எங்கே போவதென்றாலும் ஒரு பஸ் முன்னாலேயே போகிறவர் எங்கள் எதிர்வீட்டுப் பெண்மணி. ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்தாலே பத்து காஜா நகரத்து ஆஸ்பத்திரி வேலைக்கு நேரத்தோடு போய்விடலாம். அவர் அதற்கு முந்தைய பஸ்ஸுக்கு, அதுவும் அது வருவதற்குக் கால்மணி நேரம் முன்பே, நிறுத்தத்துக்கு வந்துவிடுவார். வந்தும் உட்காரமாட்டார். சிமெண்டு பெஞ்சுக்கும் சாக்கடை விளிம்புக்கும் இடையே நடந்துகொண்டிருப்பார். முந்தைய நாளின் குறிப்பை எழுத நான் விடியுமுன் எழுகிறவன். என் மேசை சன்னலோரம். பதிமூன்று வருடக் குறிப்புகளை அந்த நடையைப் பார்த்துக்கொண்டேதான் எழுதியிருக்கிறேன்.

இப்போது ஈப்போ நகரை விட்டு என் மகளோடு இருக்க வந்துவிட்டேன். பெட்டிகளைப் பிரித்து நாள்குறிப்புகளை வருட வாரியாக அடுக்கும்போதுதான் கவனித்தேன்: அவருடைய பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை. முதல் நாளில் ‘எதிர்வீடு’ என்று எழுதியது அப்படியே நிலைத்துவிட்டது. ‘எதிர்வீடு காய்ச்சலோடு வேலைக்குப் போனது.’ ‘எதிர்வீடு இன்று காலையே தண்ணீர் பில் கட்டிவிட்டது. நம் பில் இன்னும் கேட்டில் செருகியபடி இருக்கிறது.’ ஆகவே இங்கேயும் பெயர் வேண்டாம்.

எங்கள் தாமானில், அந்தக் குடியிருப்பில், எல்லாருக்கும் அவர் ஆஸ்பத்திரி அக்கா. ஒரு குத்தகைக் கம்பெனி வழியாக ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தார். கணவர் ஒரு தொழிற்சாலையில் இரவு ஜாகா, காவல்காரர். ஒரே மகள். நான் நில அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ரப்பர் தோட்டத்தில் குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். தோட்டத்திலிருந்து வந்த அவருக்கு, நான் முதல் நாளிலிருந்தே கிராணி அண்ணே.

“கையோட கையா முடிச்சிருவோம்லா” என்பது அவருடைய பேச்சு. சட்டியைத் தேய்ப்பதும் அப்படித்தான், கல்யாணத்துக்குப் போவதும் அப்படித்தான். தாலி ஏறியதும் மொய்யைக் கொடுத்துவிட்டுப் பந்திக்குக் காத்திராமல் கிளம்பிவிடுவார். ஒருமுறை மண்டப வாசலில் நான் அவரை மறித்தேன்.

“ஒரு வாய் சாப்பிட்டுப் போறது. அப்படி என்ன அவசரம்?”

“உக்காந்தா எந்திரிக்கத் தோணாது அண்ணே” என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

அவர்கள் எதிர்வீட்டுக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. புதுவீட்டில் பால் காய்ச்சுவார்களே, பாத்திரம் எந்த மூட்டையில் இருக்கிறதோ என்று என் மனைவி எங்கள் வீட்டுப் பித்தளைப் பானையை எடுத்துக்கொண்டு போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

“பால் காய்ச்சலையாம்.”

“நாள் சரியில்லையோ?”

“நாள் நல்ல நாள்தானாம். வீடு பேங்க் வீடாம். கடன முடிச்சுட்டுத்தான் காய்ச்சுவாங்களாம்.”

ஏதோ சில மாதத்தில் தீரும் பாக்கி என்று நினைத்துக்கொண்டோம். பிறகுதான் தெரிந்தது, அது இருபத்தைந்து வருடக் கடன்.

பால் காய்ச்சவில்லை என்றால் அந்த வீட்டுக்குள் பாலே கிடையாது என்று அர்த்தம். டின் பாலும் கூடாது. வருகிறவர்களுக்குப் பால் விடாத தே ஓ, வரக்கோப்பி. அவருடைய கணவருக்கோ பால் தேநீர் இல்லாமல் பொழுது போகாது. இரவு வேலை முடிந்து பகலில் தூங்கி, சரியாக ஐந்து மணிக்கு எழுந்து, தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

“அண்ணே, என் வீட்டுல பாலுக்குப் பெர்மிட் இல்ல” என்று சொல்லிக்கொண்டே முன்வாசல் நாற்காலியில் உட்காருவார். என் மனைவி மூன்று குவளைகளை எடுத்து வைப்பாள். அவர் ஊதி ஊதிக் குடிப்பார். எதிரே கேட்டுக்குப் பின்னால் அவருடைய மனைவி விற்பதற்காகப் பொறுக்கி வந்த அலுமினியக் குளிர்பான டின்களை மிதித்து நசுக்கிக்கொண்டே, “குடிச்சது போதும், வேலைக்கு நேரமாச்சு” என்பார். நேரமாகியிருக்காது. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒரே ஒருமுறை சொன்னார். அதுவும் நின்றுகொண்டு, மூட்டையைக் கட்டிக்கொண்டே. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அங்கே மரம் சீவினவர்கள். தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, பயப்படாதீர்கள், இந்த வீடுகள் உங்களுக்கே என்று மேனேஜர் வந்து சொன்னாராம்.

“எங்கப்பா அன்னைக்கே சுண்ணாம்பு அடிச்சாரு. பால் வாங்கியாந்து காய்ச்சி லயம் பூரா குடுத்தாரு. முப்பது வருஷம் குடியிருந்த வீட்டுல அன்னைக்குத்தான் பால் காய்ச்சுறாரு அண்ணே! ரெண்டு வருஷம் கழிச்சு நோட்டீஸ் ஒட்டுனாங்க. அப்பா அந்த மேனேஜரத் தேடிப் போனாரு. அவரு எப்பவோ மாத்தலாகிப் போயிட்டாராம். புல்டோசர் வந்தப்போ அப்பா அந்தப் பால் சட்டியத்தான் கையில வச்சுக்கிட்டு நின்னாரு.”

மூட்டையின் வாயை இறுக்கினார். “வாய் வார்த்தைய நம்பி நான் பால் காய்ச்சமாட்டேன். பேப்பர் கைக்கு வரட்டும்.”

இருபத்தைந்து வருடம் காத்திருக்கும் உடம்பல்ல அது. கையில் வேலை இருக்கும்போதே கடனை முடித்தாக வேண்டும் என்று தவித்தார். எங்கள் வரிசையிலேயே மூலை வீடு லெலோங்குக்குப் போனதை அவர் பார்த்தார். அந்த வீட்டுக்காரருக்கு வேலை போயிற்று, மாதத் தவணை நின்றது, கேட்டில் ஏல அறிவிப்பு ஒட்டப்பட்டது. அந்த அறிவிப்பு மழையில் கரைந்து விழும் வரைக்கும் அவர் அந்தப் பக்கமாக நடக்கவில்லை. பஸ்ஸுக்குப் பின் தெரு வழியாகச் சுற்றிப் போனார்.

ஓவர்டைம், ஞாயிற்றுக்கிழமை வேலை, அலுமினியம், அட்டைப்பெட்டி. கிடைத்ததை எல்லாம் மாதத் தவணைக்கு மேல் சேர்த்து வங்கியில் கட்டினார். கட்டிய சீட்டை அன்றே என்னிடம் கொண்டுவருவார். நான் அதைத் துளையிட்டுச் சிவப்புக் கோப்பில் தேதி வாரியாகச் சேர்ப்பேன். அந்தத் தாளில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் கையால் ஒரு நகலும் எழுதி வைத்தேன். அந்தக் கோப்பை யாரிடமும் பெருமையாகக் காட்டலாம். காட்டியும் இருக்கிறேன்.

அவருடைய மகளின் நிச்சயதார்த்தம் இதற்கிடையில்தான் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தாப்பாவிலிருந்து இரண்டு மோட்டார் காடியில் வந்து இறங்கினார்கள். என் மனைவிக்கு முதல் நாளிலிருந்தே கவலை. “எங்க வீட்டுலயே பால் தே போட்டு பிளாஸ்க்குல கொண்டாரேன். ஒரு நாளைக்குத்தானே?” என்று கேட்டாள்.

“வாசப்படி தாண்டி வரக்கூடாது அக்கா” என்று சொல்லிவிட்டார்.

தட்டில் தே ஓ போயிற்று. மாப்பிள்ளையின் அம்மா குவளைக்குள் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “ஏன், பால் வாங்க முடியாத வீடா?” என்றார்.

 அவருடைய கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பால் வாங்கிரலாம்ங்க” என்றார் ஆஸ்பத்திரி அக்கா. “வீட்டத்தான் இன்னும் வாங்கி முடிக்கல.”

மாப்பிள்ளைப் பையன் சட்டென்று சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில் கல்யாணம் நிச்சயமானது. அந்த அம்மாள் மட்டும் கடைசிவரை குவளையைத் தொடவில்லை.

என் கணக்குப்படி கடன் ஒன்பதாம் வருடம், தீபாவளிக்கு முன்பு முடிய வேண்டும். அதை நான்தான் போட்டுக் கொடுத்தேன். அவர் தாமான் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கடைசித் தொகையைக் கேட்டுவர ஒரு திங்கட்கிழமை இருவருமாக வங்கிக்குப் போனோம். நான் சிவப்புக் கோப்பைக் கையில் வைத்திருந்தேன். முகப்பில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள், அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

“ஆன்ட்டி, இதுல இன்னும் நெறைய இருக்கே.”

“இருக்காதும்மா. கிராணி அண்ணன் கணக்குப் போட்டிருக்காரு.”

அந்தப் பெண் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். “நீங்க மாசா மாசம் கூடக் கட்டுன காசெல்லாம் அட்வான்ஸா நிக்குது ஆன்ட்டி. பின்னால வர்ற தவணைக்கு முன்னாடியே கட்டி வச்சதா எடுத்துக்கிட்டாங்க. கடன்லேர்ந்து கழிக்கல. அதனால வட்டி முழுசாவே ஓடியிருக்கு.”

“ஏன் கழிக்கல?”

“கழிக்கச் சொல்லி நீங்க ஒரு லெட்டர் குடுத்திருக்கணும். அக்ரிமெண்ட்ல போட்டிருக்கு. ஒரே ஒரு லெட்டர்தான் ஆன்ட்டி.”

வங்கியைக் குறை சொல்ல இடமில்லை. ஒப்பந்தத்தில் இருந்தது. அரையாண்டுக்கு ஒருமுறை வந்த கணக்குத்தாளிலும் தனிப் பத்தியில் இருந்தது. அந்தத் தாள்கள் அத்தனையும் என் கையில் இருந்த கோப்பில், தேதி வாரியாக இருந்தன. கட்டணம் எந்தத் தேதியில் பதிவாகியிருக்கிறது என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் சரிபார்த்தேன். மீதிக் கடன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். “கிராணி அண்ணே, அந்தப் பக்கத்த நீங்க படிச்சீங்களா?”

“இல்லம்மா.”

என் கையில் இருந்த கோப்பைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், “ஒரு தாள் குடும்மா. லெட்டர எழுதி இப்பவே குடுத்துருவோம்” என்றார். நான் அங்கேயே நின்றுகொண்டு எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு மோசமாக என்றும் இருந்ததில்லை. சேர்ந்திருந்த பணத்தை அன்றைய தேதியிலிருந்து கடனில் கழித்துக்கொள்வார்கள். ஆனால் ஓடிப்போன வட்டி ஓடியதுதான். இன்னும் நான்கு வருடம் ஆகும் என்றாள் அந்தப் பெண். திரும்பும்போது பஸ் காலியாக இருந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நின்றபடியே வந்தார்.

அன்று ஐந்து மணிக்கு அவருடைய கணவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் கேட்டில் நின்று என்னைப் பார்த்துக் கையை லேசாகத் தூக்கினார். உள்ளேயிருந்து குரல் வந்ததும் போய்விட்டார். என் மனைவி ஒரு வாரம் வரைக்கும் மூன்று குவளைகளை எடுத்து வைத்தாள். பிறகு ஒன்றைக் கழுவி அலமாரியின் பின்வரிசையில் கவிழ்த்துவிட்டாள்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெருவில் பார்த்தால், “சாப்டீங்களா அண்ணே” என்று எப்போதும்போலக் கேட்பார், பதிலுக்கு நிற்கமாட்டார். சீட்டுகள் என்னிடம் வருவது நின்றுபோயிற்று. நான் ஒரு தொகையை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். என் தவறால் கூடிய வட்டியில் பாதியாவது நான் கட்டுகிறேன் என்றேன். அவர் உறையை வாங்கவில்லை.

“உங்க காசுல வாங்குனா அது உங்க வீடாயிரும் அண்ணே.”

அந்த நான்கு வருடங்களின் குறிப்புகளை இப்போது புரட்டினால், தாமானில் வேறு எதுவுமே நடக்காதது போல இருக்கிறது. குத்தகைக் கம்பெனி மாறியது. புதிதாக வந்தவர்கள் வயதான பெண்களை எடுக்கவில்லை என்று பேச்சு. வேலை போனால் தவணை நிற்கும், தவணை நின்றால் மூலை வீட்டுக் கதைதான். நேர்முகத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலில் நின்றுகொண்டே தலைக்கு மை பூசினார். நெற்றியிலும் காதிலும் கறுப்பு வழிந்தது. காய்வதற்குள் கூட்டிப் பெருக்க ஆரம்பித்துவிட்டார். மறுநாள் முழுக்க நான் சன்னலை விட்டு எழவில்லை. மாலையில் அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்த வேகத்தை வைத்து, வேலை கிடைத்துவிட்டதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. எப்போதும் அதே வேகம்தானே. அடுத்த நாள் விடியுமுன் நிறுத்தத்தில் அவர் நடப்பதைப் பார்த்த பிறகுதான் என் பேனாவைத் திறந்தேன்.

பதிமூன்றாம் வருடம், ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அவர் எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். நான்கு வருடத்தில் முதல் முறை. கையில் பழுப்பு உறை.

“கடன் அடைஞ்சு மூணு மாசம் ஆச்சு அண்ணே. வக்கீல் ஆபீஸ்லேர்ந்து நேத்துத்தான் கிராண்ட் வந்துச்சு. படிங்க. போன தடவ மாதிரி படிக்காதீங்க.”

நிலப்பட்டாவை மேசைமேல் விரித்து வரி வரியாகப் படித்தேன். பின்பக்கத்தில் வங்கியின் அடமானப் பதிவும், அது நீக்கப்பட்ட பதிவும் இருந்தன. எல்லாம் சரியாக இருந்தது. இன்னொரு முறை படித்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

‘உங்கள் வீடுதான்’ என்று சொல்ல வாய் வரவில்லை. அவருடைய அப்பாவுக்கு ஒரு மேனேஜர் வாய் வார்த்தை சொன்னார். அவருக்கு நான் ஒரு கணக்குச் சொன்னேன்.

“என் வார்த்தை வேண்டாம்மா. நில ஆபீஸுக்குப் போவோம். அவங்க பதிவப் பாத்து அவங்களே சொல்லட்டும்.”

“போலாம்” என்றார். அதற்குள் வாசலில் இருந்தார்.

நான் பல வருடம் வேலை பார்த்த அதே முகப்பு. கட்டணம் கட்டி, பதிவுத்தாளை எடுத்துத் தரச் சொன்னோம். மலாய்க்காரப் பெண் ஒருத்தி தாளை அச்சிட்டு எடுத்துவந்தாள். இவர் அதில் விரலை ஓட்டி, வங்கியின் பெயர் எங்கே என்று மலாயில் கேட்டார்.

“பேங்க் தா அடா லா, காக்” என்றாள் அவள். வங்கி இல்லை அக்கா.

அவர் திரும்பவும் கேட்டார். அவள் திரும்பவும் சொன்னாள். மூன்றாம் முறை கேட்டபோது அவள் சிரித்துவிட்டுத் தாளின் ஓரத்தில் முத்திரையைத் தட்டிக் காட்டினாள்.

வரும் வழியில் கடையில் வாடகைக் காடியை நிறுத்தச் சொல்லி ஒரு பால் பாக்கெட் வாங்கினார். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. புதன்கிழமை. நான் சும்மா இருந்திருக்கலாம்.

“ராகு காலம்மா. ஒன்றரை வரைக்கும் இருக்கு. நாளைக்குக் காலையில நல்ல நேரம் பாத்து…”

“பதிமூணு வருஷமா ராகு காலத்துலதான் இருந்தேன் அண்ணே. இன்னும் ஒரு மணி நேரம் என்னைய என்னா பண்ணிரும்?”

என் மனைவியையும் கூப்பிட்டுக்கொண்டார். கூடத்தில் அவருடைய கணவர் இரவு வேலை முடிந்து வந்து பாயில் தூங்கிக்கொண்டிருந்தார். “அவர எழுப்பும்மா” என்றாள் என் மனைவி.

“எழுப்புனா பல்லு வெளக்கணும், சட்டை தேடணும். நேரமாவும் அக்கா.”

அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பொதியை இறக்கினார். செய்தித்தாளில் சுற்றிய புதுச்சட்டி. தாள் பழுத்திருந்தது. ஓரத்தில் தேதி தெரிந்தது. அவர்கள் குடிவந்ததற்கு முந்தைய நாள். தாளைச் சுருட்டிப் போடப் போனார். நான் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

பால் அடுப்பில் ஏறியது.  ஓரங்களில் நுரை கட்டி, நடுவில் குழிந்து, விளிம்புக்கு ஏறும்போது அவருடைய கை தானாக அடுப்புத் திருகுக்குப் போய்விட்டது. என் மனைவி அந்தக் கையைப் பற்றிக்கொண்டாள்.

“விடும்மா! பொங்கட்டும்!”

பால் பொங்கி வழிந்தது. அடுப்பு சீறி அணைந்தது. என் மனைவி கையை விட்டாள். அவர் ஒரு கணம் அப்படியே நின்றார்.  அழப்போகிறார் என்று நினைத்தேன். துணியை எடுத்து அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார். “காஞ்சா போகாது” என்றார்.

மாலை ஐந்து மணிக்கு நான் முன்வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய கணவர் ஒரு குவளையோடு கேட்டுக்கு வந்தார். கலைந்த தலை, சட்டை இல்லை. குவளைக்குள் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அண்ணே, என் வீட்டுல பால் வந்துருச்சா?”

“வந்துருச்சு.”

“எப்ப?”

“பன்னிரண்டே முக்காலுக்கு.”

“என்னைய எழுப்பலயா?”

“பல் விளக்க நேரமாகுமாம்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஒரு வாய் குடித்தார். நின்றார். இன்னொரு வாய் குடித்துவிட்டுத் தெருவில் இரண்டடி முன்னால் வந்து, குரலைத் தாழ்த்தி, “நல்லாவே இல்லண்ணே” என்றார்.

“கேக்குது!” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. “பதிமூணு வருஷமா பால் தே போட்டிருந்தாத்தானே கை பழகும்!”

பிறகு ஆஸ்பத்திரி அக்கா வாசலுக்கு வந்தார். ஈரத் துணி இன்னும் கையில் இருந்தது. கணவரிடமிருந்து குவளையைப் பிடுங்கி, தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“அங்கயே போய்க் குடிச்சுட்டு வாங்க” என்றார். “மணி அஞ்சு ஆச்சுல்ல. சீக்கிரம்.”

நான் என் மனைவியைக் கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் சமையலறையில் அலமாரியின் பின்வரிசையிலிருந்து ஒரு குவளையை எடுத்துக் கழுவும் சத்தம் கேட்டது.